முதலில் எங்கே கரைப்பது என்று பேசுங்கள், கலசம் அப்புறம்

"நல்ல கலசமா ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டு அஸ்திக் கலசம் வாங்கக் கடைக்குள் வருகிறவர்களுக்கு நான் உடனே எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. "எங்கே கரைக்கப் போறீங்க?" என்றுதான் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கும், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மகன் "கடல்லதானே" என்பார். மருமகள் "இல்லீங்க, மாமா ராமேஸ்வரம்னு சொல்லிட்டிருந்தாரே" என்பார். ஓரமாக நிற்கிற சின்ன மகள் எதுவும் சொல்லாமல் அலமாரியில் இருக்கிற சின்னப் பித்தளைச் சிமிழ்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று பேர் மனதிலும் இருப்பதற்கு மூன்று வேறு பாத்திரங்கள் வேண்டும். பாத்திரத்தை வாங்கிவிட்டு அப்புறம் பேச உட்கார்ந்தால் சண்டையில்தான் முடியும்.

மலேசியாவில், பினாங்கில் என் கணவர் வீட்டார் ஈமச்சடங்குச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். நான் கணக்கு எழுதத்தான் உள்ளே வந்தேன். பெட்டி, வேன், பந்தல், பண்டாரத்தைக் கூப்பிடுவது, உருமி மேளத்துக்குச் சொல்வது எல்லாம் ஆண்கள் வேலை. கலசம் மட்டும் எப்படியோ என் பொறுப்பாகிவிட்டது. பெட்டி பார்க்க அண்ணன் தம்பிகள் வருவார்கள், சித்தப்பா மாமா வருவார்கள். கலசம் பார்க்கப் பெண்கள் வருகிறார்கள். முதல் நாள் அமளியில் யாரும் கருத்துக் கேட்காத மனைவியும் மகள்களும், அஸ்தி எடுக்கிற பேச்சு வரும்போதுதான் "இதையாவது நாங்க பார்த்து வாங்குறோம்" என்று கிளம்பி வருகிறார்கள். அவர்களிடம் ஒரு பெண் பேசினால் கொஞ்சம் வாய் திறப்பார்கள் என்று மாமியார் சொன்னார், அது உண்மைதான்.

அளவில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்தில் விறகு அடுக்கி எரித்தார்கள். மறுநாள் காடாத்துக்குப் போய்ப் பால் தெளித்து, தணலை ஆற்றி, தலையிலிருந்து கால் வரை ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஓரிரு எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போடுவார்கள். மற்றதெல்லாம் மயானத்தோடு போய்விடும். அதற்கு ஒரு சின்ன மண்கலயம் தாராளம். கடைகளில் இன்றைக்கும் கிடைக்கிற கலயம் அந்தக் கணக்கில் வந்த அளவுதான். இப்போது பெரும்பாலும் வாயு அடுப்பு. 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடு, ஒன்றரை இரண்டு மணி நேரம் போல ஆகும். கடைசியில் மிஞ்சுவது எலும்புதான், பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அதை அரைத்துத் தூளாக்கி ஒரு துளி விடாமல் பையில் கட்டிக் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே பெரியவர் ஒருவருக்கு இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை கைக்கு வரும். தூக்குகிறவர்கள் "இவ்வளவு கனமா?" என்று ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள், சாம்பல் என்றதும் மனசு லேசான ஒன்றை எதிர்பார்த்திருக்கும்.

இந்த மூன்று கிலோவை அந்தப் பழைய அளவுக் கலயத்தில் போட முடியாது. ஆகவே எரிக்கிற இடத்தில் இரண்டே கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: முழுவதையும் கொடுப்பீர்களா, நாங்கள் பொறுக்கிக்கொள்ள வேண்டுமா? அரைத்துக் கொடுப்பீர்களா, அப்படியே கொடுப்பீர்களா? பினாங்கு பத்து லஞ்சாங் மயானத்தில் ஒரு விதம், கோலாலம்பூர் லோக் இயூ சாலையில் ஒரு விதம், செராஸில் வேறு என்று இருக்கலாம், ஒரே மயானத்திலேயே விறகுக்கு ஒன்று வாயுவுக்கு ஒன்று என்றும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அரைக்காத எலும்பென்றால் கலசத்தின் வாய் அகலமாக இருக்க வேண்டும். நான் கையை மடக்கி உள்ளே விட்டுக் காட்டுவேன். முஷ்டி போகாத வாயில் தொடை எலும்புத் துண்டு போகாது, அப்புறம் அதை அங்கேயே நின்று உடைக்க வேண்டி வரும், பெற்ற பிள்ளைகள் கண் முன்னால் அது வேண்டாத காட்சி.

முழுவதும் வருகிறது என்றால் கணக்கு எளிது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 36 மில்லிலிட்டர் இடம். 70 கிலோ ஆளுக்கு இரண்டரை லிட்டர். வெளிநாட்டிலிருந்து வருகிற கலசங்களில் 200 கன அங்குலம் என்று எழுதியிருக்கும், அது 3.3 லிட்டருக்கு ஒரு சொட்டு குறைவு, யாருக்கும் போதும். எண் சொன்னால் துக்கத்தில் இருக்கிறவர்கள் தலையில் ஏறாது, அதனால் மேசைக்கு அடியில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்திருக்கிறேன். எடுத்துக் கலசத்துக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒரு விஷயம் கவனியுங்கள், சதையும் கொழுப்பும் எரிந்து போய்விடும், நிற்பது எலும்பு. உயரமாக ஒல்லியாக இருந்தவருக்குக் குட்டையாகப் பருமனாக இருந்தவரைவிட அதிகம் வரலாம். கடைசியில் நோயில் படுத்து 40 கிலோவுக்கு இறங்கியிருந்தால் அந்த எடையைச் சொல்லாதீர்கள், நடமாடிக்கொண்டிருந்தபோது இருந்த எடையைச் சொல்லுங்கள்.

எலும்பைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். இடுப்பிலோ முட்டியிலோ உலோக மூட்டு வைத்தவர்களானால் அது எரியாது. டைட்டானியம் உருக 1600 டிகிரிக்கு மேல் வேண்டும், அடுப்பில் அவ்வளவு சூடு கிடையாது. சாம்பலில் அதைப் பார்த்துவிட்டு அதிர்ச்சியடைகிறவர்கள் உண்டு. வேண்டாம் என்றால் அங்கேயே எடுத்துவிடச் சொல்லலாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் எரிப்பதற்கு முன்னாலேயே கட்டாயம் சொல்லியாக வேண்டும், அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும்.

இன்னொரு குழப்பம் கொள்ளிக்குடம். "மண்பானை ஏற்கெனவே லிஸ்ட்டில இருக்கே, அதுலயே போட்டுக்கலாம்ல?" என்று கேட்பார்கள். அது தோளில் வைத்துச் சுற்றி, ஓட்டை போட்டு, மயானத்திலேயே உடைக்கிற குடம். அஸ்தி எடுக்கிற நேரத்தில் அது ஓடாகிக் கிடக்கும். அஸ்திக்கு வேறு கலயம், மூடியோடு, கழுத்தில் துணி கட்ட விளிம்பு உள்ளதாகப் பாருங்கள். சிலர் மஞ்சள் துணி கட்டுவார்கள், சிலர் சிவப்பு, சிலர் வெள்ளை. உங்கள் வீட்டு வழக்கம் தெரியவில்லை என்றால் வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். பண்டாரம் அவருக்குப் பழக்கமானதைச் சொல்வார், அதிலும் தவறில்லை.

சரி, எங்கே கரைப்பது என்பதற்கு வருவோம்.

கடல் என்றால் மண்கலயத்துக்கு மேல் ஒன்று வேண்டியதில்லை. இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே என்னைக் கடிந்துகொள்வார்கள், ஏனென்றால் கடையில் அதைவிட மலிவான சரக்கு கிடையாது, மூன்று பேர் கடையில் நாசி கண்டார் (சோறும் கறியும்) சாப்பிடுகிற காசுகூட ஆகாது. ஆனால் உண்மை அதுதான். சூளையில் சுட்ட, பளபளப்புப் பூச்சு இல்லாத மண்கலயம் தண்ணீரோடு போகும், உடைந்தால் ஓடு, ஓடானால் மண். கோலசிலாங்கூர்ப் பக்கம் இன்றைக்கும் நம் குயவர் குடும்பங்கள் பானை செய்கிறார்கள், பொங்கலுக்கு நீங்கள் வாங்குகிற பானை அங்கிருந்து வந்ததாக இருக்கும். அந்தக் கைகள் செய்த கலயம் என்று சொன்னால் சில குடும்பங்களுக்கு அதுவே ஒரு நிறைவு. பித்தளையையும் எவர்சில்வரையும் கடலில் போடாதீர்கள். அது கரையாது, மீன்காரன் வலையில் சிக்கும், அல்லது தண்ணீர் வற்றும்போது எவனாவது எடுத்துப் போய்விடுவான். பித்தளைதான் வேண்டும் என்றால் கொண்டு போங்கள், சாம்பலைக் கரைத்துவிட்டுப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது உப்பில் செய்த கலசம் வருகிறது, தண்ணீரில் மூழ்கிச் சில மணி நேரத்தில் தானாகக் கரைந்துவிடும். காகிதக் கூழில் செய்ததும் உண்டு, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு அப்புறம் அமிழும். கரையில் நின்று பார்க்கிறவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரம் பெரிய விஷயம். படகில் நேரமில்லாமல் அவசரப்படுகிறவர்களுக்கு அது சரிப்படாது, அலை அதைத் திருப்பிக் கரைக்கே கொண்டு வந்தால் அதைவிட மனவேதனை வேறில்லை. உப்புக் கலசம் வாங்குகிறவர்கள் அதை மழைக்காலத்தில் திறந்து வைக்க வேண்டாம், நம் ஊர்க் காற்றின் ஈரத்திலேயே வியர்க்க ஆரம்பித்துவிடும்.

கலசத்தோடு சேர்த்துத் தண்ணீர் ஏற்ற நேரத்தையும் பாருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. மோரிப் கடற்கரையில் வற்றல் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்ளே போய்விடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கலயத்தோடு, முழங்கால் அளவு சேற்றில் நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் மீனவர்களிடம் படகு பேசிப் போகிறவர்கள் அதிகம். கோலாலம்பூர்க்காரர்கள் கிள்ளான் துறைமுகத்துக்குப் போவார்கள். ஏற்ற வற்ற நேரம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. படகில் போனால் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கலயத்தைத் தண்ணீரை ஒட்டி இறக்கிக் கவிழுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து கொட்டினால் பாதி உங்கள் சட்டையிலும் பின்னால் இருக்கிற அத்தை முகத்திலும்தான் விழும். மாலையைப் பிளாஸ்டிக் நாரோடு போடாமல் பூவை மட்டும் உதிர்த்துப் போடுங்கள். பால் பாக்கெட்டைப் பிரித்து ஊற்றிவிட்டுக் காலிப் பாக்கெட்டைப் பைக்குள் வையுங்கள், கடலுக்கு அது எதற்கு.

இந்தியா என்றால் கதையே வேறு. ராமேஸ்வரம், காசி, சிலர் காவிரி. ஊர் எது என்று தெரிந்த குடும்பங்கள் தாத்தா பிறந்த கிராமத்து ஆற்றுக்கே கொண்டு போகிறார்கள். செம்புக் கலசம் நன்றாக இருக்கும் என்று கேட்டு வருவார்கள். ராமேஸ்வரத்தில் செம்பு நன்றாகத்தான் இருக்கும், விமான நிலையத்தில் நன்றாக இருக்காது. எக்ஸ்ரே கதிர் தடித்த உலோகத்துக்குள்ளும் கல்லுக்குள்ளும் சரியாகப் போகாது. உள்ளே என்ன இருக்கிறது என்று திரையில் தெரியாவிட்டால் அவர்கள் விடாமல் நிறுத்தலாம், நிறுத்தித் திறக்கச் சொன்னால் அந்த வரிசையில் நின்று எப்படித் திறப்பீர்கள்? மரப்பெட்டியோ, தடித்த பிளாஸ்டிக் டப்பாவோ, துணிப்பைக்குள் கட்டிய பையோ போதும், கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். செம்புக் கலசத்தை வெறுமையாகத் தனியாகக் கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். மரணச் சான்றிதழும் எரித்ததற்கான சான்றிதழும் நகலோடு கையில் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்தையும் இந்தியத் தூதரகத்தையும் கேட்டுவிடுங்கள். அமாவாசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு கடைசி வாரத்தில் கேட்க ஆரம்பிக்கிறவர்கள்தான் அலைகிறார்கள், தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இது வருஷா வருஷம் நடக்கிறது.

சீனர்கள் மாதிரி அஸ்திக் கலசத்தைச் சுவரில் கட்டிய மாடத்தில் வைக்கிற வழக்கம் நம்மிடம் முன்பு கிடையாது. இப்போது மெல்ல வருகிறது, முக்கியமாகப் பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்கிற வீடுகளில். "வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து நிக்க ஒரு இடம் வேணும்க்கா" என்று ஒரு பையன் சொன்னான், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? அப்படியென்றால் முதலில் மாடத்தின் உள்ளளவை டேப் வைத்து அளந்து வாருங்கள், உயரம், அகலம், ஆழம் மூன்றும். கலசத்தின் உயரத்தை மூடியின் குமிழோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் குமிழ் அரை அங்குலம் இடித்துத் திரும்பக் கொண்டு வந்த பீங்கான் கலசங்கள் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. மாடத்துக்குப் பீங்கானும் பளிங்கும் நல்லது, ஈரம் இழுக்காது. மண்கலயத்தை மாடத்தில் வைத்தால் உள்ளே சாம்பல் ஈரம் கோத்துக் கட்டி தட்டிவிடும்.

கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மாடம்தான் வழி, அவர்களுக்கு நான் கடல் கலயத்தைக் காட்டுவதே இல்லை. எரிப்பதற்குத் திருச்சபை 1963இலேயே அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் 2016இல் வத்திக்கான் தெளிவாகச் சொன்னது, அஸ்தியைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, பங்கு போடக் கூடாது, கல்லறையிலோ கோயிலிலோ புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று. 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்த்தி, சிறு பகுதியை இறந்தவருக்கு முக்கியமாக இருந்த ஓர் இடத்தில் வைக்க அனுமதிப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்கள், அதற்கும் நிபந்தனை உண்டு. அண்ணன் இந்து, தம்பி கத்தோலிக்கர் என்று கலந்த குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அப்பா எதில் இருந்தார் என்று பார்த்து, கத்தோலிக்கர் என்றால் பங்குச் சாமியாரைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன். விற்பனை ஒரு நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

அந்தச் சின்ன மகளை மறக்கவில்லை. சிமிழ் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மகள்கள்தான். கொஞ்சூண்டு, ஒரு சிட்டிகை, கழுத்தில் போட்டுக்கொள்கிற மாதிரியோ சாமி அலமாரியில் வைக்கிற மாதிரியோ. "வீட்டுல அஸ்தி வைக்கவே கூடாது, ஆத்மா சுத்திக்கிட்டே இருக்கும்" என்று பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். நான் அந்த வாக்குவாதத்தில் நுழைவதில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: எடுக்கிறதென்றால் எல்லோருக்கும் சொல்லிவிட்டு எடுங்கள். ஒளித்து எடுத்தது ஒரு கல்யாண வீட்டிலோ பதினாறாம் நாள் படையலிலோ வெளியே வரும், அப்போது "எங்க அம்மாவை நீ திருடிக்கிட்டே" என்கிற அளவுக்குப் போகும், கேட்டிருக்கிறேன். சிமிழ் வாங்குகிறவர்கள் மூடி திருகுமரையாக இருக்கிறதா என்று பாருங்கள், அழுத்தி மூடுவது நாள்பட்டால் கழன்றுவிடும்.

பங்கு போடுவதும் இப்படித்தான். ஒருவர் ஜொகூரில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மெல்பர்னில். ஆளுக்கொரு கலசம் என்று ஆரம்பித்தால் அளவில் வம்பு வரும், மூத்தவனுக்குப் பெரிசா, சம்பாதித்துப் போட்டவளுக்குப் பெரிசா என்று. முக்கால்வாசியை ஓரிடத்தில் ஒன்றாகக் கரைத்துவிட்டு மிச்சத்தைச் சமமான சின்னக் கலயங்களில் கொடுத்துவிடுங்கள் என்பேன். ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கடை. அதிலே வித்தியாசம் வேண்டவே வேண்டாம்.

முடிவு செய்ய முடியவில்லையா? அப்படியே இருக்கட்டும். இதைத்தான் அதிகம் பேர் நம்ப மறுக்கிறார்கள். எட்டாம் நாளுக்குள், பதினாறுக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று பரபரப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அன்றைக்கோ மறுநாளோ கரைத்துவிடுவது வழக்கம், அது ஒரு பெரிய ஆறுதலும்கூட, எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் முடியாதபோது என்ன ஆகும் என்பதை நாடே ஒரு தடவை பார்த்துவிட்டது. 2020 மார்ச் 18இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கடற்கரைக்குப் போக முடியவில்லை, மாநிலம் தாண்ட முடியவில்லை, மகன் சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டான். எத்தனையோ வீடுகளில் கலசம் காத்திருந்தது, சில வீடுகளில் மாதக் கணக்கில். முன் கூடத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் துணி மூடிய கலசம், பக்கத்தில் விளக்கு. அந்த வீடுகளில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாம்பல் கெட்டுப்போகிற பொருளில்லை. உறை போட்டுக் காய்ந்த இடத்தில் வைத்தால் அப்படியே இருக்கும். மகன் வரட்டும், விசா வரட்டும், மனம் வரட்டும்.

இந்தத் தயக்கத்தைத்தான் விற்பனைக்காரர்கள் காசாக்குகிறார்கள். எங்கள் தொழிலில் இது நடக்கிறது என்பதை எங்கள் ஆட்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். "கடைசியா அப்பாவுக்குச் செய்யறது, இதுல கணக்குப் பார்க்கலாமா?" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைக் கேட்ட யாரும் அப்புறம் விலை பேசுவதில்லை. ஒரு பெரிய நிறுவனத்தில் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு, மறுநாள் கடலில் கரைக்கப் போகிற அஸ்திக்கு, செதுக்கு வேலை செய்த பளிங்குக் கலசத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு ராத்திரிக்கு. இப்போது அது அவர்கள் வீட்டில் சமையலறைப் பரணில் இருக்கிறது, தூக்கிப் போடவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. மொத்தச் செலவுக்கு ஒரே விலை சொல்கிற இடங்களில் கலசம் என்ன வகை, வேண்டாம் என்றால் எவ்வளவு குறையும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியே வாங்கிய கலசத்தைக் கொண்டு வரலாமா என்றும் கேளுங்கள். ஒரு பக்கத்து வீட்டுக்காரரோ மாப்பிள்ளையோ, ரொம்ப அழாத ஒருவர் கூட இருப்பது நல்லது.

விலை உயர்ந்ததை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார், தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை, விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. கூட வந்த பேரன் பித்தளையைக் காட்டிக்கொண்டே இருந்தான். அவர் எதையும் பார்க்காமல் நேரே மண்கலயங்கள் இருந்த இடத்துக்குப் போய், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் மழுங்கிப் போகும், நல்லதென்றால் மணிமாதிரி வரும். நாலைந்து கலயத்தைத் தட்டி ஒதுக்கிவிட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது போதும்யா. அதோட அந்தப் பித்தளையும் ஒண்ணு குடு" என்றார். எதற்குப் பாட்டி இரண்டு என்றேன். மண்கலயம் இப்போது கரைக்க. பித்தளையில் தாத்தாவுடையது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ள, தனக்கு நேரம் வரும்போது பேரன் இரண்டையும் சேர்த்துக் கொண்டு போய் விட வேண்டும். "அவரு தனியா எங்கயும் போனதில்ல" என்றார் பேரனைப் பார்த்து. அந்தப் பித்தளைக் கலசம் எங்கள் கடையில் இருந்ததிலேயே விலை கூடியது, அதற்கு நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்லிவிடுவேன். அவருக்கு எங்கே, எதற்கு, யார் கையால் என்று எல்லாம் தெரிந்திருந்தது.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள். அப்படியென்றால் இரண்டு பேருக்கும் ஒரே கலசம் என்று 6 லிட்டர் கொள்ளளவில் வரும், அல்லது பாட்டி செய்த மாதிரிச் செய்யலாம். எப்படிச் செய்தாலும் கலசத்தின் அடியில் பெயரும் தேதியும் அழியாத மையால் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்துத் திறக்கப் போகிறவன் பேரன், அவனுக்கு எதுவும் நினைவிருக்காது.

சாம்பலைப் பையிலிருந்து கலசத்துக்கு மாற்றுகிற வேலையை வீட்டில் செய்யாதீர்கள். மயானத்திலோ கடையிலோ செய்து தரச் சொல்லுங்கள், நாங்கள் காசு வாங்குவதில்லை. வீட்டில்தான் என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள், தரையில் வெள்ளைத் துணி விரியுங்கள். பையின் ஒரு முனையை மட்டும் கத்தரித்து, அதையே புனல் மாதிரிக் கலசத்துக்குள் விட்டு மெதுவாக இறக்குங்கள். கரண்டியால் அள்ளினால் தூசி பறக்கும், மூக்கில் ஏறும், அதைத் துடைக்கிற துணியை என்ன செய்வது என்று அப்புறம் ஒரு கவலை. அந்த வெள்ளைத் துணியை உதறாமல் மடித்துக் கலசத்தோடு கொண்டு போய்க் கடலிலேயே நனைத்து அலசிவிடலாம்.

காலிக் கலசத்தை என்ன செய்வது என்று எல்லாம் முடிந்த பிறகு வாட்சாப்பில் கேட்பார்கள், பெரும்பாலும் ராத்திரியில். மண் என்றால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள், ஓடுகளை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டாம். பித்தளையோ செம்போ என்றால் கடல் தண்ணீரில் அலசிக் கொண்டு வந்து புளி போட்டுத் தேய்த்து வைத்துக்கொள்ளலாம். சிலர் பண்டாரத்திடமே கொடுத்துவிடுவார்கள். வீட்டில் வைக்கப் பிடிக்காவிட்டால் பழைய பித்தளை வாங்குகிறவரிடம் எடைக்குப் போடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. எங்களிடம் திருப்பித் தர வேண்டாம், நாங்கள் வாங்குவதில்லை, வாங்கினால் அதை இன்னொரு குடும்பத்துக்கு விற்கிறோம் என்று ஊர் பேசும்.